கை கால் ஓடுகிற வரைக்கும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. அரசுக் குறிப்புகளில் அது குபேர் அங்காடி. ஊர் வாயில் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதிப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் எலுமிச்சையைக் கூறு கட்டி வைத்திருப்பவர், கறிவேப்பிலையைச் சாக்கில் பரப்பியிருப்பவர், பூத் தொடுப்பவர், அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து மீன் அரிபவர் என எழுபதைத் தாண்டிய பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எத்தனை நாள் இப்படி என்று யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் அநேகமாக ஒன்றுதான்: கை கால் ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்.

இது இந்த ஒரு மார்க்கெட்டின் கதை அல்ல. 2017-18இல் நடந்த இந்திய முதுமை ஆய்வின் முதல் சுற்று (லாசி என்று சுருக்கமாகச் சொல்வார்கள்) அறுபது வயதைக் கடந்தவர்களில் 36 சதவீதம் பேர் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வின்படி, அறுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது போன்ற அன்றாடக் காரியங்களில் ஏதோ ஒன்றாவது சிரமமாக இருக்கிறது. கை கால் ஓடுவதற்கும் ஓடாததற்கும் நடுவே இருக்கும் இந்தக் கூட்டம் எங்கே போய் இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதியோர் இல்லங்களைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் பேச்சு உடனே வேறொரு பக்கம் போய்விடும். பெற்ற பிள்ளைகள் இப்படிச் செய்யலாமா, கூட்டுக் குடும்பம் போனதால்தானே இந்தக் கதி என்று பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். அந்தப் பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. இல்லங்களை ஒழுக்கப் பிரச்சினையாகவே பார்த்துப் பழகியதால் அவை என்ன தருகின்றன, என்ன தருவதில்லை என்று கேட்கவே மறந்துவிட்டோம் என்பது என் எண்ணம். இலவச இல்லமோ கட்டண இல்லமோ, நம்மிடம் உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை கூரையும் சோறும் தருவதற்காக அமைந்தவை. எழுந்து நடக்க முடியாதவரைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. அந்த வேலைக்கு நம் சட்டத்திலும் சந்தையிலும் மிகக் கொஞ்சமாகவே இடம் இருக்கிறது.

கஞ்சித்தொட்டியிலிருந்து

தமிழகத்தில் ஆதரவற்ற முதியோருக்கான பழைய நிறுவனங்களில் ஒன்று சென்னை ராயபுரத்தில் இருக்கிறது. 1782இல், ஹைதர் அலி போரை ஒட்டி வந்த பஞ்சத்தில் ஊர் மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர் நின்றது. ஆங்கிலேயர் வாயில் ‘மொனேகர் சவுல்ட்ரி’ ஆனது. அதையொட்டி வளர்ந்த மருத்துவமனைதான் பின்னாளில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் அதை நெடுநாள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்லி வந்தார்கள். மருத்துவமனை தனிப் பெருநிறுவனமாகி எங்கேயோ போய்விட்டது. சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது. சோறு ஒரு பக்கமும் சிகிச்சை ஒரு பக்கமுமாக அன்று பிரிந்த பாதைகள் இன்றுவரை சரியாகச் சேரவில்லை.

பிரெஞ்சு வழியில் வந்த மரபு ஒன்றும் உண்டு. 1839 குளிர்காலத்தில் பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த சேன்-செர்வான் ஊரில் ழான் ழுகான் என்ற பெண், பார்வையிழந்த கிழவி ஒருத்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து தன் கட்டிலிலேயே படுக்கவைத்தார். ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ சபை அதிலிருந்து பிறந்தது. 1882இல் கல்கத்தாவில் அவர்களுடைய முதல் இந்திய இல்லம் வந்தது. சென்னையில் ஹாரிங்டன் சாலையில் ஒன்று உண்டு. நிலையான வருமானம் தரும் சொத்தை வைத்துக்கொள்ளாமல், அன்றன்று கேட்டு வாங்கி நடத்துவது இவர்கள் வழக்கம். கூடையோடு மார்க்கெட்டுக்குப் போய்க் கடை கடையாகக் காய்கறி கேட்பது அதில் ஒரு பகுதி. காய்கறிக்காரர்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் உள்ள பழைய உறவு இதுதான். கொடுக்கும் பக்கத்தில் நிற்பவர்கள் ஒருநாள் வாங்கும் பக்கத்துக்கு வரவேண்டியிருக்கும் என்று அந்த உறவில் யாரும் கணக்குப் போடவில்லை.

சென்னையில் 1978இல் சாவித்திரி வைத்தி தொடங்கிய ‘விஸ்ராந்தி’ வேறு வகை. ‘மண்டே சாரிட்டி கிளப்’ என்று கூடிய நடுத்தர வர்க்கப் பெண்கள், ஆதரவற்ற வயதான பெண்களுக்காக ஏற்படுத்திய இல்லம் அது. அதே 1978இல்தான் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’வும் தொடங்கியது. துறவிகளும் தர்மகர்த்தாக்களும் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் குடிமக்கள் காரியமாக மாறிய காலம் அது என்று சொல்லலாம். சட்டம் வந்து சேர இன்னும் முப்பது வருஷம் ஆனது.

சட்டம் தரும் 150 கட்டில்

2007ஆம் ஆண்டின் ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம்’ பற்றி எல்லாருக்கும் தெரிந்தது அதன் முதல் பாதி: பிள்ளைகள் பராமரிப்புத் தொகை தரவேண்டும்; சார் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி தலைமையிலான தீர்ப்பாயம் தொண்ணூறு நாளில் விசாரித்து முடிக்கவேண்டும்; மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பு. பிள்ளையில்லாதவர்களுக்கு, அவர்கள் சொத்து யாருக்குப் போய்ச் சேருமோ அந்த உறவினர் பொறுப்பு.

இல்லங்களைப் பற்றிப் பேசுவது 19ஆம் பிரிவு. ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைந்தது ஒரு முதியோர் இல்லம், அதில் குறைந்தது 150 ஏழை முதியோருக்கு இடம் என்று அது சொல்கிறது. ஆனால் மாநில அரசு இதைப் ‘படிப்படியாகச் செய்யலாம்’ என்பதே வாசகம். ‘செய்தாக வேண்டும்’ என்ற கட்டாயம் இல்லை. 2018 டிசம்பரில் அஸ்வினி குமார் வழக்கில், நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை முதியோர் இல்லங்கள் இருக்கின்றன என்ற விவரத்தையே முதலில் திரட்டுங்கள் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு வருஷம் கழித்து எண்ணிக்கை கேட்கிறார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

எனக்கு இந்தப் பிரிவில் உறுத்துவது எண்ணிக்கை கூட அல்ல. இலவச இடம் ‘தம்மைத் தாமே காத்துக்கொள்ளப் போதிய வசதியில்லாத’ வறியவர்களுக்கு மட்டும். பெரிய மார்க்கெட்டில் கூறு போட்டு விற்கும் பெண் வறியவரா? கையில் அன்றாடம் காசு புழங்குகிறது. மகன் பெயரில் ஒரு குடிசைமாற்று வீடு இருக்கலாம், சீட்டுப் பணம் கொஞ்சம் இருக்கலாம். விண்ணப்பத்தில் அவர் வறியவராகத் தேறமாட்டார். சம்பாத்தியம் நின்றுபோகிற நாளில் தேறுவார். ஆனால் அந்த நாளில் அவருக்கு வேண்டியது சோறும் கூரையும் மட்டும் அல்ல.

புதுச்சேரிக்கென்று சில சலுகைகள் உண்டு. மத்திய அரசின் முதியோர் ஓய்வூதியம் அறுபது வயதில்தான் தொடங்குகிறது. அதன் பங்கு மாதம் 200 ரூபாய், எண்பது வயதுக்கு மேல் 500. பல வருஷங்களாக அந்த 200 அசையவில்லை. புதுச்சேரி அரசு 55 வயதிலேயே ஓய்வூதியத்தைத் தொடங்கி, தன் நிதியைச் சேர்த்து அதைப் பல மடங்காக்கித் தருகிறது. அரிசி, மருந்து, பேரனுக்கு ஒரு பேனா என்று அது செலவாகிவிடும். 24 மணி நேர ஆள் வைக்க அந்தப் பணம் ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது.

சட்ட விஷயத்தில் இந்த ஊருக்கு இன்னொரு வினோதம் இருக்கிறது. வறுமையில் உள்ள பெற்றோருக்குப் பிள்ளைகள் ஜீவனத்துக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பின் 205ஆம் பிரிவு 1804இலேயே சொல்லிவிட்டது. அந்தத் தொகுப்பு 1819இல் பிரெஞ்சிந்தியாவில் அமலுக்கு வந்தது. சுதேசிகளுக்கு அவரவர் வழக்கம் தொடர்ந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் ‘ரெனோன்சான்’கள். பின்னாளில் இந்து தனிநபர் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் இவர்களுக்கு விலக்குக் கொடுக்கப்பட்டது. ஆக, ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிழவர் 205ஐச் சொல்லிப் பிள்ளையிடம் கேட்கலாம், அடுத்த வீட்டுக்காரர் 1956ஆம் வருஷத்து இந்து தத்தெடுத்தல், பராமரிப்புச் சட்டத்தைச் சொல்லிக் கேட்கலாம்.

கடமை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் என்றாலும் நடைமுறை வேறு. பிரான்சில் வசதியற்ற முதியவர் இல்லத்தில் சேர்ந்தால் செலவை மாவட்ட நிர்வாகம் ஏற்று, பிள்ளைகளின் பங்கை அவர்களிடம் கேட்கிறது. முதியவர் இறந்தபின் அவர் சொத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே முதியவரோ அவர் சார்பில் வேறொருவரோ முதலில் வழக்குப் போடவேண்டும், பிறகு பிள்ளை கட்டவேண்டும், அதன் பிறகு பராமரிப்பு. படுத்த படுக்கையாக இருப்பவர் சார்பில் இன்னொருவர் மனுக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது; அந்த இன்னொருவரை அவர் எங்கே தேடுவார் என்பதுதான் கேள்வி.

சேர்க்கும்போது கேட்கும் ஒரு நிபந்தனை

இலவச இல்லம், கட்டண இல்லம், ஓய்வுக்கால வீடு, உதவியோடு வாழும் இல்லம், மருத்துவப் பராமரிப்பு இல்லம் என்று விளம்பரங்களில் வகைகள் நிறைய. படிக்கிறவருக்குத் தலை சுற்றும். உள்ளே போய்ப் பார்த்தால் கோடு ஒன்றுதான். பல இல்லங்களின் சேர்க்கைப் படிவத்தில் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வரி இருக்கும்: விண்ணப்பதாரர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்பவராக இருக்கவேண்டும், தொற்றுநோயோ மனநலக் கோளாறோ இருக்கக் கூடாது. எதற்காக இல்லத்தைத் தேடுகிறோமோ அதுவே அங்கே தகுதிக்குறைவாகிவிடுகிறது.

நடத்துகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. படுக்கையில் உள்ள ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டிப் போடவேண்டும்; இல்லாவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும். சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவு என்று வந்தால் பயிற்சி பெற்ற கை வேண்டும். இரவிலும் வேண்டும். நன்கொடைக் காய்கறியில் ஓடும் இல்லத்தால் ஐம்பது பேருக்குச் சமைத்துப் போட முடியும். ஐந்து பேரைப் புரட்டிப் போட முடியாது. சமையலுக்கு நன்கொடை வரும். பிறந்தநாள், திதி, கல்யாணநாள் என்று அன்னதானத்துக்கு நாள் பதிவு செய்து காத்திருக்கிறார்கள். இரவு ஆயாவின் சம்பளத்துக்கு யாரும் நன்கொடை தருவதாகக் கேள்விப்பட்டதில்லை.

மறதிநோய் இந்தக் கோட்டை இன்னும் தடிமனாக்குகிறது. லாசி ஆய்வின் துணை ஆய்வு, இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் மதிப்பிட்டது. இவர்களில் பலர் நன்றாக நடப்பவர்கள். அதுதான் சிக்கல்; நடந்து வெளியே போய்விடுவார்கள். சாதாரண இல்லத்தின் வாசற்கதவும் காவல்காரரும் இதற்குப் போதாது.

பணம் உள்ளவர்களுக்கான சந்தை கோயம்புத்தூரைச் சுற்றி வளர்ந்தது. ‘கோவைகேர்’ போன்ற நிறுவனங்கள் இரண்டாயிரங்களில் தொடங்கிய ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பிறகு பல ஊர்களுக்கும் பரவின. வெளிநாட்டில் பிள்ளைகள், கையில் ஓய்வூதியம், நகரத்தில் விற்க ஒரு வீடு என்று இருக்கும் தம்பதிகள்தான் வாடிக்கையாளர்கள். வீட்டை விலைக்கு வாங்கலாம், திரும்பக் கிடைக்கும் டெபாசிட் கட்டி ஆயுட்காலக் குத்தகை எடுக்கலாம், மாத வாடகைக்கு இருக்கலாம். மூன்றிலும் மாதப் பராமரிப்புக் கட்டணம் தனி. கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், ஒருவர் இறந்தபின் மற்றவர் தொடர்ந்து இருக்கலாமா, வாரிசு வயதில் சிறியவராக இருந்தால் அந்த வீட்டில் குடியேற முடியுமா அல்லது விற்கத்தான் வேண்டுமா, சேவை தரும் நிறுவனம் கைமாறினால் ஒப்பந்தம் என்னாகும் என்பதெல்லாம் பத்திரத்தில் எங்கோ இருக்கும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019 மார்ச்சில் ஓய்வுக்கால இல்லங்களுக்கு ஒரு மாதிரி வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுநர், சேவை நிறுவனம், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போடவேண்டும் என்பது அதில் உருப்படியான யோசனை. வழிகாட்டுதல் என்பதால் மாநிலம் ஏற்றால்தான் பலன்.

எங்கே போனாலும் கேட்கவேண்டிய ஒரு கேள்வி உண்டு. விற்பனைப் பிரதிநிதிகளுக்குப் பிடிக்காத கேள்வி. இன்று நடந்து வருகிற இவர் நாளை எழ முடியாமல் போனால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்வீர்களா? பதில் எழுத்தில் வேண்டும். நீச்சல் குளத்தின் படத்தைக் காட்டிப் பேச்சை மாற்றினால் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வரிச் சட்டத்தில் ஒரு சின்ன விவரம் நாட்டின் மனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அரசோ பதிவுபெற்ற அறக்கட்டளையோ நடத்தும் முதியோர் இல்லத்தில், அறுபது வயதைக் கடந்தவரிடம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் கட்டணத்துக்கு 2018 முதல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இரவுச் செவிலியர், பிசியோதெரபி, டயப்பர் எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். அதிகம் தளர்ந்தவருக்கே வரி விழக்கூடும்.

சொல்தா வீடுகளும் ஆசிரமமும்

புதுச்சேரியில் முதியோர் பராமரிப்பைப் பற்றிப் பேசி ‘சொல்தா’ குடும்பங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து திரும்பியவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சிந்தியாவை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி அமலானபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள், அவர்களுடைய விதவைகள், பிள்ளைகள் என்று பிரெஞ்சு ஓய்வூதியத்தில் வாழ்ந்த வீடுகள் இங்கே நிறைய. வெள்ளாளர் தெருப் பக்கம் பழைய வீடுகளில் கூடத்தில் ஒரு கிழவி, பாரிசில் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு பெண் என்பது ஊருக்குப் பழக்கமான காட்சி.

பணம் இருக்கிறதே, இவர்களுக்கு என்ன குறை என்று தோன்றும். பிரான்ஸ் தன் முதியவர்களை எவ்வளவு தளர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து ஆறு படிகளாகப் பிரிக்கிறது. முதல் நான்கு படிகளில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பு ஆள் வைக்க ‘ஆப்பா’ என்ற உதவித்தொகை 2002 முதல் உண்டு. ஆனால் அதைப் பெற பிரான்சிலேயே வசிக்கவேண்டும். புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுக் குடிமகளுக்கு ஓய்வூதியம் கடல் தாண்டி வரும், பராமரிப்பு உதவி வராது. வறியவர்களுக்குத் தூதரகம் வழியாக ஆதரவுத்தொகை இருக்கிறது, அதுவும் பணம்தான். புரட்டிப் போட ஆள் வேண்டுமென்றால் இவரும் மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்பவரும் ஒரே ஆயாவைத்தான் தேடவேண்டும். ஒருவரால் சம்பளம் கொடுக்க முடியும் என்பதே வித்தியாசம்.

ஒருவர் முதுமை முழுவதையும் ஏற்றுக்கொள்ளும் நிறுவனம் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. யாரும் அதை முதியோர் இல்லமாக நினைப்பதில்லை. 1926இல் அமைந்த ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் உறுப்பினராகச் சேர்ந்தவர் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பிட்டு, இயன்ற வேலையைச் செய்து, தளர்ந்தபோது ஆசிரமத்தின் நர்சிங் ஹோமில் சக ஆசிரமவாசிகளால் பார்த்துக்கொள்ளப்படுகிறார். வேலை, வீடு, நோய், மரணம் எல்லாம் ஒரே இடத்தில், தெரிந்த முகங்களுக்கு நடுவே. வாழ்நாள் முழுவதையும் ஒப்படைத்தவர்களுக்கு மட்டும் கிடைப்பது என்பதால் இதை யாரும் திட்டமாக எடுத்து வேறிடத்தில் நட முடியாது. ஆனால் தளர்ச்சி வந்தவுடன் ஆளை இடம் மாற்றாமல் வைத்துக்கொள்வது சாத்தியம் என்பதற்கு நகரத்தின் நடுவிலேயே சாட்சி இருக்கிறது.

இதே குணத்தை ஏழைகளுக்கு எட்டும்படி செய்துபார்த்த முயற்சி பக்கத்திலேயே நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமத்தில் கட்டணமில்லாமல் நூறு பேர் வரை, சிறுசிறு வீடுகளில் குழுக்களாக வாழ்கிறார்கள். முடிந்தவர்கள் தோட்ட வேலை, கைவேலை செய்கிறார்கள். உழைத்தே பழகிய கைகளை நாள் முழுக்கச் சும்மா உட்காரவைப்பது தண்டனை என்று புரிந்துகொண்ட இடம் அது. பெரிய மார்க்கெட் பெண்ணுக்குப் பொருந்தக்கூடிய இல்லம் எது என்று என்னைக் கேட்டால், பளிங்குத் தரை போட்டவற்றை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன். நூறு இடம்தான் என்பது வேறு விஷயம்.

கண்காணிப்பு இல்லாவிட்டால் இலவச இல்லம் எங்கே போய் நிற்கும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இயங்கிய கருணை இல்லத்தின் வண்டியில் காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் உயிரோடு முதியவர்களும் இருப்பது வழியில் தெரியவந்தது. இறந்தவர்களைச் சுவரறைகளில் அடக்கம் செய்த முறையும் உரிமம் புதுப்பிக்கப்படாமல் இருந்ததும் சர்ச்சையாயின. இல்ல நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதிகாரிகள் நூற்றுக்கணக்கானோரை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். அந்தச் செய்திகளை இப்போது படிக்கும்போது, வேறு எந்த இல்லமும் சேர்த்துக்கொள்ளாத அளவுக்கு நலிந்தவர்கள் இத்தனை பேர் ஒரே கூரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்களே என்பதுதான் எனக்கு முதலில் படுகிறது.

யார் செலவு

ஜப்பான் இந்தக் கேள்விக்கு 2000 ஏப்ரலில் ஒரு பதில் சொன்னது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லாரும் நெடுநாள் பராமரிப்புக் காப்பீட்டுக்குக் கட்டாயமாகச் சந்தா கட்டவேண்டும். தளர்ந்தபின் அதிகாரிகள் வந்து நிலையை அளந்து, ஏழு படிகளில் எது என்று சொல்லி, அதற்கேற்ற சேவையைத் தருவார்கள். பிள்ளை நல்லவனா கெட்டவனா என்று அங்கே யாரும் விசாரிப்பதில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் பெரும்பான்மையான நம் நாட்டில் சந்தா வசூலிப்பது கடினம். ஆனால் அளந்து பார்ப்பதற்குச் சந்தா தேவையில்லை. நம் 2007 சட்டத்தில் தளர்ச்சியை அளக்கும் கோல் எதுவும் இல்லை. எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க் காப்பீடு கிடைக்கிறது. இடுப்பெலும்பு உடைந்தால் அறுவை சிகிச்சைக்கு உதவும். கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையிலும் சிகிச்சை கிடைக்கும். அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பிய மறுநாள் முதல் திட்டம் மௌனம்.

வீட்டை வைத்தே முதுமைக்குச் சம்பாதிக்கும் வழியும் பேசப்படுகிறது. 2007இல் இந்தியாவில் அறிமுகமான தலைகீழ் அடமானத்தில் அறுபது வயதைக் கடந்தவர் தான் குடியிருக்கும் வீட்டை வங்கிக்கு ஈடாக வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம். சாகும்வரை அங்கேயே இருக்கலாம். பெரிதாக எடுபடவில்லை. பிரான்சில் இதற்குப் பழைய உறவு ஒன்று உண்டு. ஆர்ல் நகரத்தில் 1965இல் ஒரு நோட்டரி, தொண்ணூறு வயது ழான் கல்மானுக்கு மாதம் 2,500 ஃபிராங்க் தந்து, அவர் மறைவுக்குப்பின் வீட்டை எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டார். நோட்டரி 1995இல் இறந்தார். அவர் குடும்பம் தொடர்ந்து கட்டியது. கல்மான் 122 வயதில் 1997இல் காலமானார். சிரிக்கலாம், ஆனால் அந்தக் கிழவிக்கு முப்பது வருஷம் யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. பட்டா சுத்தமாக இருப்பவர்களுக்கே இவை எல்லாம்.

மிச்சமிருப்பது வீட்டிலேயே ஆள் வைத்துக்கொள்வது. பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான். ‘ஹோம் நர்ஸ்’ என்று ஏஜென்சிகள் அனுப்பும் பெண்களில் பலர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். நர்சிங் படித்தவர்கள் குறைவு. பன்னிரண்டு மணி நேரம், இருபத்துநாலு மணி நேரம் என்று விலை, கமிஷன் ஏஜென்சிக்கு. இல்லங்களையும் இத்தகைய வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையும் பதிவுக்குள் கொண்டுவர 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த மசோதா அறிமுகமானது. நிலைக்குழு பரிசீலித்தது. 2024இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. தமிழ்நாடு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்பு, இயன்முறை சிகிச்சை தருகிறது. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கியது. படுக்கையில் இருப்பவருக்கு இவை இரண்டும் பல இல்லங்களைவிட அதிகம் தருகின்றன என்பேன்.

மார்க்கெட் பெண்ணிடம் வீடு இல்லாவிட்டாலும் ஒரு சொத்து இருக்கிறது: அவர் உட்காரும் இடம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் பேச்சு வந்தபோது வியாபாரிகள் எதிர்த்துப் போராடியது அந்த இடத்துக்காகத்தான். முட்டி வலி தாங்காமல் ஒருநாள் அதை மகனுக்கோ மருமகளுக்கோ விட்டுக்கொடுக்கிறார். பெரும்பாலும் வாய்வார்த்தைதான், சிலர் நகராட்சியில் பெயர் மாற்ற மனுக் கொடுப்பார்கள். 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கக்கூடும். அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் தீர்ப்பாயம் ரத்து செய்யலாம். ‘சொத்து’ என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது: அசையும், அசையா, தொட்டுப் பார்க்க முடியாத சொத்தும் அதிலுள்ள உரிமைகளும் அடக்கம். கடை உரிமமும் அதில் வரும் என்று வாதிடலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டவேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் இறுக்கிப் பிடித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சட்டத்தைத் தாராளமாகப் படிக்கச் சொன்னது. அவ்வாண்டு மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில், அன்பினால் கொடுத்தேன் என்பதிலேயே நிபந்தனை அடங்கியிருக்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். புதுச்சேரியும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. என்றாலும் நீதிமன்றத்தின் தாராளத்தை நம்பி வாய்வார்த்தையோடு விடவேண்டியதில்லை. பெயர் மாற்றும் காகிதத்தில், எழ முடியாமல் படுத்துவிட்டால் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பத்திரம் எழுதுகிறவர் அதற்குத் தனியாகக் காசு கேட்கப்போவதில்லை. மகன் முகம் சுளிப்பான். அவர் எழுந்து நடந்து வந்து கைநாட்டு வைக்கிற நாளிலேயே அந்தச் சுளிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.